நிவாரணத்துக்குப் பறந்தவர்

2025 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. டித்வா சூறாவளி நாட்டைப் புரட்டிப் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வென்னப்புவைக்கு அருகே லுணுவிலவில், நிவாரண வேலையில் இருந்த விமானப்படையின் பெல் 212 ஹெலி ஒன்று கிங் ஓயாவில் விழுந்தது. உள்ளே ஐந்து பேர். நால்வர் பிழைத்தார்கள். ஓட்டிய விங் கமாண்டர் நிர்மால் சியம்பலாபிட்டிய பிழைக்கவில்லை.

எங்கள் பன்விலப் பக்கம் அந்தச் செய்தி பிந்தித்தான் வந்தது. கரண்ட் இல்லை, போனுக்கு சிக்னல் இல்லை. வந்தபோதும் அதை நின்று கேட்கும் நிலையில் யாரும் இருக்கவில்லை. அந்தப் பேரிடரில் அதிகம் பேரைப் பறிகொடுத்தது எங்கள் கண்டி மாவட்டம்தான், இருநூறுக்கும் மேல். எந்த லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியிருக்கிறது, மடுல்கலையில் இருக்கும் மச்சான் வீட்டார் எங்கே, ஹுளுகங்கைப் பாதை திறந்துவிட்டதா என்பதே பேச்சு. ஒரு பைலட்டின் சாவு அந்தக் கணக்கில் ஒரு வரியாகக் கடந்து போனது. முல்லைத்தீவுக் கரையில் சாலை என்ற இடத்தில் முகத்துவாரத்தை வெட்டித் திறந்து வெள்ளத்தை வடிய விடப் போன ஐந்து கடற்படையினரின் சாவும் அப்படியே போனது. அந்தச் சாலை ஒரு காலத்தில் கடற்புலிகளின் தளம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஐவரைப் பற்றியே தனியாக ஒரு பத்தி எழுதலாம்.

இந்த வாரம் பைலட்டைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "ஏன் சார், எழுத வேற ஆளே கிடைக்கலையா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 1977 கலவரத்தில் அடிபட்டு, இனி இந்த மலை வேண்டாம் என்று வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன தோட்டக் குடும்பங்களில் எங்கள் உறவுகளும் உண்டு. அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள் பிறகு அறிந்துகொண்ட ஹெலி, ஆயுதம் பூட்டிய பெல் 212. சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் போவார்கள். போர் முடிந்த பிறகு இங்கே கல்யாணத்துக்கு வந்த அக்கா ஒருத்தி, தேயிலை மலைக்கு மேலே ஏதோ ஒரு ஹெலி போனதற்குக் கையில் இருந்த தட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவளிடம் போய், விமானப்படைக்காரனுக்காக ஒரு நிமிடம் எழுந்து நில் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் லுணுவிலவில் விழுந்தவர் குண்டு போடப் போனவரல்ல. அவரது பழைய சேவைப் பதிவில் என்ன இருக்கிறது என்பது இங்கே விடயமல்ல. அன்றைக்கு அவர் போனது தண்ணீரில் அகப்பட்ட சனத்துக்காக. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று வெள்ளம் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2009க்கு முன்னால் நடந்ததை மறக்காமலே இந்த மனிதருக்காகத் துக்கப்பட முடியும். ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எவர் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

போரில் செத்த படைவீரனுக்கு இந்த நாட்டில் தூண் இருக்கிறது, மே மாதத்தில் விழா இருக்கிறது. சமாதான காலத்தில் செத்தவனை அவன் வீட்டார்தான் நினைக்க வேண்டும். விமானப்படையின் அறுபதாவது ஆண்டு விழாவுக்கான ஒத்திகையில், 2011 மார்ச் 1ஆம் தேதி, இரண்டு கிபீர் போர் விமானங்கள் வானத்தில் மோதிக்கொண்டதில் பிளைட் லெப்டினன்ட் மொனாத் பெரேரா இறந்தார். கிபீர் என்ற பெயரை வடக்கில் சொன்னால் இன்றும் முகம் மாறும். அந்தக் கிபீரே கடைசியில் ஒரு விழா ஒத்திகையில் தன் பைலட்டையும் கொன்றது. 2014 டிசம்பரில் ஹோகந்தரையில் பனிமூட்டத்தில் அன்டனோவ் 32 விழுந்தது. 2020 ஜனவரி 3, வீரவிலவில் இருந்து புறப்பட்ட வை-12 அப்புத்தளையில் விழுந்து நால்வரும் மாண்டார்கள். தேயிலைக் காட்டுக்குள் விமானம் விழுந்தால் முதலில் ஓடிப் போவது யார் என்று மலையகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. 2025 மே 9, மாதுறு ஓயாவில் விசேட படையணியின் வெளியேறல் வைபவத்தில் சாகசம் காட்டப் போன ஹெலி நீர்த்தேக்கத்தில் விழுந்து ஆறு பேர் மாண்டார்கள். அதுவும் பெல் 212. ஏழு மாதம் முடிவதற்குள் அதே ரகம் லுணுவிலவில் விழுந்தது.

பெல் 212 வெளிவந்தது 1960களின் இறுதியில். கம்பனி அதன் உற்பத்தியை நிறுத்திக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. வயதானது என்பதற்காகவே ஓர் இயந்திரம் விழும் என்று சொல்லமாட்டேன். ஒழுங்காகப் பராமரித்தால் பறக்கும், உலகமெங்கும் பறக்கிறது. வெள்ள நிவாரணப் பறப்பு வேறு கதை. பாரம் ஏற்றிக்கொண்டு, மழைக்குள், ஆற்றுக்கும் மரத்துக்கும் மின்கம்பிக்கும் கொஞ்சம் மேலே, மெதுவாகப் போக வேண்டும். உயரத்தில் எஞ்சின் கைவிட்டால், விழும் வேகத்தில் ஏறிவரும் காற்றே சுழலியைச் சுற்றவைக்கும்; அதை வைத்துப் பைலட் ஓரளவு மெதுவாக இறக்கிவிடலாம். தாழ்வாகவும் மெதுவாகவும் போகும்போது அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. லுணுவிலவில் நடந்தது இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேலைக்குப் போகிறவர் எதைத் தெரிந்துகொண்டு ஏறுகிறார் என்பதைத்தான் சொல்கிறேன்.

விழுந்த பிறகு, ஏன் விழுந்தது என்று சொல்வது நாட்டின் கடமை. 2021 டிசம்பர் 8, குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் இந்தியாவின் எம்ஐ-17 விழுந்தபோது கோத்தகிரியிலிருந்து சின்னம்மா போன் எடுத்தார். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் போன குடும்பம் அவருடையது. நஞ்சப்பசத்திரத்து ஊர்க்காரர்கள் குடத்தில் தண்ணீரும் வீட்டில் இருந்த கம்பளிகளுமாக ஓடியதைச் சொல்லிச் சொல்லி அழுதார். முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்படப் பதின்மூன்று பேர் அன்றே இறந்தார்கள். எஞ்சிய குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 அன்று பெங்களூரில் இறந்தார். மேகத்துக்குள் நுழைந்ததில் பைலட்டுக்குத் திசையும் உயரமும் பிடிபடாமல், பழுதில்லாத ஹெலி மலையில் மோதியது என்று விசாரணைக் குழு சொன்னது. மூன்று ஆண்டு கழித்து நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் அதே விபத்து "மனிதத் தவறு" என்று பதிவானது. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது என்பதால் அந்தத் தீர்ப்பு எழுதுவோருக்குச் சுலபமானது. இருந்தாலும் ஏதோ ஒன்று பொதுவில் வைக்கப்பட்டது. அதை எதிர்த்துக் கேட்கவும் ஆளுக்கு உரிமை வந்தது.

இங்கே ஒவ்வொரு விபத்துக்கும் அன்றைக்கே விசாரணைக் குழு அமைத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு குழுவின் அறிக்கையை முழுதாகத் தமிழில் நான் வாசித்ததே இல்லை. செத்தவருக்குப் பதவி உயர்வும் பூவளையமும் கொடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த மழைக்கும் மண் சரியும், அன்றைக்கும் எங்கள் தோட்டத்துக்கு மேலே யாரோ ஒருவர் ஹெலியில் வரத்தான் போகிறார். மாதுறு ஓயாவில் ஏன் விழுந்தது, லுணுவிலவில் ஏன் விழுந்தது என்பதை மூன்று மொழிகளிலும் நாடாளுமன்றத்தில் வையுங்கள். மலையகத்து உறுப்பினர்களே, அதைக் கேட்டு எழுந்து நிற்பவர்களில் முதல் ஆள் உங்களில் ஒருவராக இருக்கட்டும்.