பாட்டு கிடைக்கலையா? அப்பத்தாகிட்ட கேளுங்க!

அருப்புக்கோட்டையில நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து புதுசா ஒரு பேண்ட் ஆரம்பிக்கிறாங்கன்னு வெச்சுக்குவோம். கிடார் இருக்கு, பேரும் வெச்சாச்சு. ஆனா, பாட்டு? மழை, காதல், பிரேக்கப்னு சினிமா பாட்டு மாதிரியே எழுத உட்காருவாங்க. மழையே ஒழுங்கா பெய்யாத ஊர்ல!

2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி'யை எடுத்துக்கோங்க. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்க்கையில் இருந்துதான் அறிவு அதை எழுதினார். வீட்டுக்குள் கேட்ட கதை, உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அப்படிப் பார்த்தா, கரிசல் காட்டில் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. அருப்புக்கோட்டைத் தறிச் சத்தத்திலேயே ஒரு தாளம் இருக்கு. திருச்சுழிப் பக்கம் வறண்டு கிடக்கும் குண்டாறு, சீமைக்கருவேல மரத்தில் கரி மூட்டம் போடுறவங்க, இழவு வீட்டில் ஒப்பாரி பாடும் அப்பத்தா... உட்கார்ந்து கேளுங்க, கேட்டுட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க.

ஆனா, ஒரு விஷயம். 2022 ஜூலையில், சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலேயே அந்தப் பாட்டு மேடையேறியது. 'பாட்டு யாருடையது?' என்று பெரிய விவாதமே நடந்தது. பிரபலமானவருக்கே இப்படின்னா, ஒப்பாரி பாடுற அப்பத்தாவுக்கு?

அவங்க வரியையோ மெட்டையோ எடுத்தா, முதல்ல சம்மதம் கேளுங்க. யூடியூப்ல அவங்க பேரைப் போடுங்க. காசு வந்தா பங்கு கொடுங்க. பேண்டுக்குள்ளேயும் யார் எதை எழுதினாங்கன்னு ரிலீஸுக்கு முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க. ஹிட்டான பிறகு பேசினா சண்டைதான் மிஞ்சும்!