பிள்ளைக்கு மலச்சிக்கலா? எந்த மருந்து கைகொடுக்கும்?

பப்பாளி, தண்ணீர் எல்லாம் கொடுத்தாச்சு. ஆனாலும் பிள்ளை கழிப்பறைப் பக்கமே போக மாட்டேங்குதா?

வலிக்குப் பயந்து பிள்ளை மலத்தை அடக்கும். அடக்க அடக்க அது இறுகும். அடுத்த முறை இன்னும் வலிக்கும். இந்தச் சுழற்சியை உடைக்கத்தான் மருந்து.

மெக்ரோகோல்: தண்ணீரில் கலக்கும் தூள். குடலில் நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும். 2014இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நல மருத்துவர் சங்கங்கள் இதையே முதல் தெரிவாகப் பரிந்துரைத்தன.

லெக்டுலோஸ்: இனிப்பான திரவ மருந்து. மெக்ரோகோல் கிடைக்காவிட்டால் இது. குடலில் உள்ள கிருமிகள் இதைப் புளிக்க வைப்பதால் வயிறு உப்பலாம், வாயு பிரியலாம்.

சென்னா, பிசகோடில்: குடல் தசையைத் தூண்டுபவை. முதல் மருந்து போதாதபோது மருத்துவர் சேர்த்துக் கொடுப்பார்.

"மருந்து பழகிடுமோ?" என்று பயந்து, ஒருமுறை போனதும் நிறுத்திடாதீங்க. பல பிள்ளைகளுக்குச் சிக்கல் திரும்புவது அப்போதுதான். குறைந்தது 2 மாதம் கொடுக்கவேண்டும் என்கிறது அதே வழிகாட்டி. அறிகுறிகள் நீங்கி ஒரு மாதமாவது ஆன பிறகே மெல்லக் குறைக்கணும்.

வாந்தி, வயிறு வீக்கம், மலத்தில் ரத்தம் இருந்தாலோ, கைக்குழந்தை என்றாலோ நீங்களாக மருந்து வாங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.