தெரியாமல் கொடுக்கும் மருந்து

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் முன்வைத்த நோயாளர் சாசனத்தில் 17 உரிமைகள் உள்ளன. அவற்றோடு நோயாளரின் பொறுப்புகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. தன் உடல்நிலை பற்றிய தகவல் எதையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் நம் மனநலத் துறையில் எத்தனையோ பேருக்குச் சிகிச்சை நடப்பதே தெரியாது. சாப்பாட்டில் கலந்து கொடுக்கப்படும் மருந்தைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசி ஆக வேண்டும்.

புறநோயாளர் பிரிவில் வேலை செய்யும் எல்லோருக்கும் இது பழகிய காட்சி. அம்மாவோ மனைவியோ தனியாக வருவார். “ஆள் வரமாட்டேங்கறாரு டாக்டர், போன தடவை குடுத்ததையே எழுதிக் குடுங்க.” நாமும் எழுதுகிறோம். நிறமில்லாத ரிஸ்பெரிடோன் கரைசல், அல்லது வாயில் கரையும் ஓலன்சபின் மாத்திரை. கலந்து கொடுக்கச் சொல்பவர்கள் சிலர். கலக்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்தும் கேட்காமல் விடுபவர்கள் பலர். ரிஸ்பெரிடோன் கரைசலைத் தேநீரில் கலக்கக் கூடாது என்ற சிறு எச்சரிக்கையைக்கூடச் சொல்வதில்லை. சொன்னால் கலப்பதை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். கேஸ் ஷீட்டிலும் ஒரு வரி இருக்காது. சில வாரங்களுக்கு என்று தொடங்கியது வருடக்கணக்கில் நீள்கிறது.

குடும்பத்தின் மேல் பழி போட மனம் வரவில்லை. இரவெல்லாம் தூங்காமல் கத்தும் மகனை, கத்தியைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் கணவரை வைத்துக்கொண்டு, பஸ் ஏற்றி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கூட்டி வருவது எத்தனை பேரால் முடியும்? 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரும்பாலான மனநோய்களில் சிகிச்சை கிடைக்காதோர் 70 விழுக்காட்டுக்கும் மேல். வேறு வழி எதுவும் வாசலுக்கு வராதபோது ஒரு தாய் ரசத்தில் மருந்தைக் கலக்கிறாள். அவளுக்கு வேறு வழி காட்ட வேண்டியது நாம்.

மறைத்துக் கொடுப்பதால் வரும் கேடுகளை உடலிலிருந்தே தொடங்கலாம். தாடை இறுகி, கண்கள் மேலே செருகி ஓர் இளைஞர் அவசரப் பிரிவுக்கு வருகிறார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று பணி மருத்துவர் கேட்கிறார். “எதுவும் இல்லை” என்கிறார் அவர். அவரளவில் அது உண்மை. அவர் எதிரில் உறவினர்களும் வாய் திறப்பதில்லை. மாதவிலக்கு நின்றுபோன பெண், ரிஸ்பெரிடோன் புரோலாக்டினை உயர்த்தியிருப்பது தெரியாமல் மகப்பேறு மருத்துவரிடம் பரிசோதனை மேல் பரிசோதனை செய்துகொள்கிறார். இரவில் லாரி ஓட்டுபவருக்குத் தன் தூக்கக் கலக்கத்தின் காரணம் தெரியாது. எடையும் சர்க்கரையும் ஏறுகின்றன. ரத்தப் பரிசோதனைக்கு அழைக்கக்கூட முடியாது, ஏன் என்று கேட்பாரே!

மனத்துக்கு வரும் கேடு இதைவிட ஆழமானது. சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டவருக்கு அந்தச் சந்தேகத்தை நாமே உண்மையாக்கித் தருகிறோம். ஒருநாள் அவர் பாட்டிலைப் பார்த்துவிட்டால், அம்மா கையால் சாப்பிடுவதும் நின்றுபோகும், மருத்துவமனைப் படி ஏறுவதும் நின்றுபோகும். பார்க்காவிட்டாலும் இழப்பு உண்டு. மருந்தே இல்லாமல் சரியானதாக நம்புபவர், தன் நோயைத் தெரிந்துகொண்டு அதைக் கவனித்துக்கொள்ள எப்போது கற்பார்?

குடிநோய்க்கான டைசல்ஃபிராமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதைத் தெரியாமல் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. மருந்து உடலில் இருப்பதை அறியாமல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, மரணம்வரை போகலாம். குடித்தால் என்ன ஆகும் என்று அறிந்திருப்பதுதான் அந்த மருந்து வேலை செய்யும் விதமே. அறியாதவருக்கு அது சிகிச்சையே ஆகாது. இதில் எந்த விதிவிலக்குக்கும் இடமில்லை என்பது எங்கள் கருத்து.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதில் நமக்கு இருட்டை விட்டுவைக்கவில்லை. மனநோய் உள்ளவருக்கும் முடிவெடுக்கும் திறன் உண்டு என்பதே பிரிவு 4-இன் தொடக்கம். அவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதால் மட்டும் திறன் இல்லை என்றாகாது. திறன் இல்லாத நிலையில் நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தில் 30 நாள்வரை உள்நோயாளராகச் சேர்க்கப் பிரிவு 89 இடம் தருகிறது. உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் வீட்டிலேயே அவசர சிகிச்சை தரவும் பிரிவு 94-இல் வழி உண்டு, ஆனால் 72 மணி நேரம்தான். நாம் வருடக்கணக்கில் செய்வதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிவு 22 இன்னும் தெளிவானது: முழுத் தகவலை உடனே சொல்ல முடியாத நிலை இருக்கலாம், அவர் கேட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்ததும் தாமதமின்றிச் சொல்லியாக வேண்டும்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, சொன்ன தேதிக்கு வருவதில்லை என்று நோயாளரின் பொறுப்பின்மையைப் பற்றி நம் கூட்டங்களில் நிறையவே பேசுகிறோம். தன் மருந்தின் பெயர் தெரிந்தவரிடம்தான் அந்தப் பொறுப்பைக் கேட்க முடியும்.

ஆகவே, ஏற்கெனவே மறைத்துக் கொடுக்கப்படும் மருந்து எதுவானாலும் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். யார் கேட்டார்கள், நோயாளரை நேரில் பார்த்தோமா, அவரது திறனை யார் மதிப்பிட்டார்கள், எந்தத் தேதியில் அவரிடம் சொல்லப் போகிறோம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அவரிடம் சொல்லும் வேலையை அம்மாவின் தலையில் கட்டாதீர்கள். மருந்தை எழுதியவர் நாம். நாமே உட்கார்ந்து சொல்ல வேண்டும், அவர் கோபப்பட்டால் அதையும் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். தேறியபின், தன் முன்கூட்டிய விருப்ப ஆவணத்தை எழுத அவருக்கு உதவுங்கள். மறுபடி நோய் வந்து மருந்தை மறுத்தால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை அவரே எழுதி வைக்கட்டும்.

மறுப்பவரிடம் நோயின் பெயரிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டியதில்லை. தூக்கமின்மையைப் பற்றிப் பேசினால் மாத்திரைக்குச் சம்மதிப்பவர்கள் உண்டு; தினசரி மாத்திரை வேண்டாம், மாதம் ஒரு ஊசி போதும் என்பவர்களும் உண்டு. அடுத்த முறை உறவினர் மட்டும் வந்து நின்றால், பழைய சீட்டைப் பார்த்து எழுதும் முன் வீட்டு முகவரியைக் கேட்டு வாங்குங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழுவிலிருந்து ஒருவரை அனுப்ப முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், டெலி மானஸ் எண் 14416-ஐச் சீட்டின் மேலேயே எழுதிக் கொடுத்து, நோயாளரோடு தொலைபேசியில் ஐந்து நிமிடமாவது நீங்களே பேச ஒரு நேரம் குறித்து அனுப்புங்கள்.