பறந்து போகலாம், இறக்கி வர முடியுமா?

2020ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பகுதியில் ஒரு சோதனை நடந்தது. மலைச்சரிவில் ஒருவர் அடிபட்டுக் கிடப்பதாக வைத்துக்கொண்டார்கள். அடிவாரத்தில் ரிச்சர்டு பிரௌனிங் என்பவர் நின்றிருந்தார். அவருடைய இரு கைகளிலும் முதுகிலுமாக ஐந்து சிறிய ஜெட் எஞ்சின்கள். அவற்றை முடுக்கினார், கைகளைத் தரை நோக்கித் தாழ்த்தினார், எழும்பினார். பாறைகளுக்கு மேலாகப் பறந்து அந்த இடத்தில் போய் இறங்கினார். ஆன நேரம் 90 வினாடி. நடந்து ஏறினால் சுமார் 25 நிமிடம் ஆகுமாம். 'கிரேட் நார்த் ஏர் ஆம்புலன்ஸ்' என்னும் மருத்துவ உதவி அமைப்புடன் சேர்ந்து நடத்திய சோதனை இது. படமும் எடுத்தார்கள். உங்களில் பலர் கைப்பேசியில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

கதைகளில் வரும் பறக்கும் வீரர் நிஜமாகவே வந்துவிட்டார் என்றுதான் பார்த்தவர்களுக்கெல்லாம் தோன்றிற்று. எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "சார், இவர் பின்னாலேயே காமிராவை அனுப்பி, வாரம் ஒரு மலை, வாரம் ஒரு மீட்பு என்று ரியாலிட்டி ஷோ எடுத்தால் நாடே பார்க்குமே!" என்றார். நாடு பார்க்கும், சந்தேகமில்லை. ஆனால் அப்படி ஒரு நிகழ்ச்சி வரக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்பதற்கு இயற்பியலே விடை சொல்லும்.

முதலில் நியாயமாகப் பேசுவோம். மருந்துப் பையோடு ஒருவர் 90 வினாடியில் போய்ச் சேர்வது பெரிய காரியம். இரத்தப்போக்கை நிறுத்த, நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்க, அந்த 20 நிமிடம்தான் உயிருக்கும் சாவுக்கும் இடைவெளி. ஆனால் அந்தப் படத்தில் அவர் போகிறார், அவ்வளவே. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு திரும்பவில்லை. திரும்பவும் முடியாது.

ஏன் முடியாது? காற்றில் ஒருவர் நிற்க வேண்டுமானால் எதையாவது கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி உங்களுக்குப் பாடமாயிற்றே! கதை வீரர் எதையும் தள்ளாமல் மேலங்கி படபடக்க நிற்கிறார், அது கதை. நம் கணக்கில் அவரும் காற்றைத்தான் தள்ளியாக வேண்டும். அவர் 70 கிலோகிராம், அவர் தூக்கும் ஆள் 60 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். தாங்க வேண்டிய எடை ஏறக்குறைய 1,300 நியூட்டன். தம்மைச் சுற்றி ஒரு சதுர மீட்டர் பரப்பிலுள்ள காற்றை அவர் கீழே தள்ளுகிறார் என்றால், அந்தக் காற்று அவர் காலடிக்குக் கீழே வினாடிக்கு 46 மீட்டர், அதாவது மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி சென்னையையும் நம் வட்டாரத்தையும் தாக்கிய வர்தா புயல் நினைவிருக்கிறதா? நீங்கள் அப்போது சிறு குழந்தைகள்; வீட்டில் கேட்டுப் பாருங்கள். மரங்களை வேரோடு சாய்த்த அந்தப் புயலையும் மிஞ்சிய காற்று இது. பாறை விளிம்பைப் பற்றிக்கொண்டிருப்பவரின் தலைக்கு மேல் இப்படி ஒரு வீரர் வந்து நின்றால், காப்பாற்ற வந்தவரே அவரைத் தள்ளிவிட்டவராவார்.

ஹெலிகாப்டர் இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் அவ்வளவு நீண்ட இறக்கைகளை வைத்திருக்கிறது. பரப்பு பெரிதானால் காற்றின் வேகம் குறைவாக இருந்தாலே போதும். நம் விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கை வட்டத்தின் விட்டம் 21 மீட்டருக்குச் சற்று மேல். முழுச் சுமையோடு 13 டன் எடையை அது தாங்கி நிற்கும்போது கீழே பாயும் காற்றின் வேகம் மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர் என்று கணக்கிடலாம். குறைவுதான், ஆனாலும் சாதாரணமானதன்று. 2022 ஏப்ரலில் ஜார்க்கண்ட் மாநிலம் தேவ்கர் அருகே திரிகூட மலையில் கம்பிவடப் பெட்டிகள் நடுவானில் நின்றுபோயின. ஹெலிகாப்டர்கள் வந்தன, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். ஆனால் மீட்பின்போதே இருவர் விழுந்து இறந்தார்கள். அதில் ஒருவர் விழுந்ததைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. திறமையான வீரர்கள், நல்ல எந்திரம். அப்படியும் இப்படி நேர்கிறது.

அடுத்தது, விழுகிறவரைப் பிடிப்பது. கதை வீரர்களின் முத்திரைக் காட்சி அது. 1978இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில், கட்டட உச்சியிலிருந்து விழும் பெண்ணை அவர் நடுவானில் ஏந்திக்கொள்கிறார். (அதுவும் கீழிருந்து மேலே பறந்து வந்து! இரண்டு வேகங்களும் கூடிவிடும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.) 44 மீட்டர் விழுந்தவரின் வேகம் மூன்றாவது வினாடி முடிவில் மணிக்கு 106 கிலோமீட்டர். அவரை வீரரின் கைகள் 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்துகின்றன என்க. இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: விழுந்த உயரத்தை நிறுத்தும் தூரத்தால் வகுத்தால், உடல் எத்தனை மடங்கு புவியீர்ப்பைத் தாங்க வேண்டும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். 44ஐ 0.3ஆல் வகுக்க, 147 மடங்கு. 60 கிலோ ஆளின் மேல், இரண்டு யானைகள் ஏறி நின்றால் எவ்வளவு பாரமோ அவ்வளவு. கை எவ்வளவுக்கெவ்வளவு இரும்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அது தரையைப் போன்றதே. 1973இல் ஸ்பைடர்மேன் சித்திரக் கதையில், பாலத்திலிருந்து விழும் தன் தோழியை நாயகன் வலையை வீசி நிறுத்துகிறான், அவள் இறந்துபோகிறாள். விழுந்ததால் அன்று, திடீரென்று நிறுத்தியதால். சூப்பர் ஹீரோக்களின் இயற்பியலைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கக்காலியோஸ் இதை மாணவர்களுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறார்.

இதை நேரில் புரிந்துகொள்ள நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. நான் வசிக்கும் படப்பையிலிருந்து வாலாஜாபாத் சாலையில் போனால் ஒரகடம். அங்குள்ள 'குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர்' என்னும் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையத்தில், புத்தம் புதிய கார்களுக்குள் மனிதப் பொம்மைகளை உட்காரவைத்து வேண்டுமென்றே மோதவிடும் கூடம் இருக்கிறது. 2023இல் தொடங்கிய பாரத் என்கேப் பாதுகாப்புத் தர முறையில் முன்பக்க மோதலுக்கான வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் மேலிருந்து, விழுந்தால் வரும் வேகமும் அதுவே! காரின் முன்பகுதி நசுங்குவதும், பெல்ட் சற்றே நெகிழ்ந்துகொடுப்பதும், காற்றுப் பை விரிவதும் நிறுத்தும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத்தான். நசுங்காத கார் நல்ல கார் என்று பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்வார்கள். உங்களில் சிலருடைய அப்பாவோ அம்மாவோ இந்தத் தொழிற்சாலைகளிலேயே வேலை செய்யலாம். அவர்களைக் கேளுங்கள், உண்மை தெரியும்.

மலையேறுகிறவர்களின் கயிறும் அதே தத்துவம்தான். விழுந்தால் நீண்டு கொடுக்கும் நைலான் கயிறு. 80 கிலோ நிறையைத் தரப்பட்டபடி விழவிட்டுச் சோதிக்கும்போது விசை 12,000 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்பது விதி. அது ஏறக்குறைய 15 மடங்கு. 147 எங்கே, 15 எங்கே!

கயிறு என்றதும் மலம்புழா நினைவுக்கு வருகிறது. 2022 பிப்ரவரி 7ஆம் தேதி, கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த மலம்புழா அருகே சேராடு என்ற ஊரின் மலையில் நண்பர்களோடு ஏறிய 23 வயது இளைஞர் ஒருவர் சறுக்கி விழுந்து, செங்குத்துப் பாறையின் நடுவே ஓர் இடுக்கில் சிக்கினார். காலில் காயம். கையில் தண்ணீர் இல்லை. தம் கைப்பேசியில்தான் செய்தி சொன்னார். மறுநாள் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் வந்தது. பலத்த காற்றிலும் அந்தப் பாறை அமைப்பிலும் அவரை நெருங்க முடியாமல் திரும்பியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டில் ஒரு பெரிய இடைவெளி இருப்பதைப் புவியியலில் படித்திருப்பீர்கள். புனலில் நீர் புகுவது போல் அதில் காற்று புகும். காற்றே இல்லாவிட்டாலும் சிரமம்தான். சுழலும் இறக்கை பாறையில் பட்டுவிடாமல் ஹெலிகாப்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். அதிலிருந்து தொங்கும் கயிறோ நேர் கீழேதான் தொங்கும், இடுக்குக்குள் வளைந்து போகாது.

நீலகிரியின் வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராணுவத்தின் மலையேற்ற வீரர்கள் வந்தார்கள். பகல் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இரவோடிரவாக ஏறினார்கள். 9ஆம் தேதி காலையில், மேலே கயிற்றைப் பிணைத்து ஒரு வீரர் அந்த இடுக்கு வரை இறங்கினார். முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு இளைஞரைத் தம்மோடு பட்டையால் பிணைத்துக்கொள்ள, மேலே இருந்தவர்கள் இருவரையும் சேர்த்து இழுத்தார்கள். 40 மணி நேரத்துக்கும் மேல் அங்கே இருந்தவர் மலையுச்சிக்கு வந்த பிறகே ஹெலிகாப்டருக்கு வேலை வந்தது. அது அவரைக் கீழே கொண்டுசேர்த்தது. பறப்பது பயனற்றது என்று நான் சொல்லவில்லை, பாருங்கள்! எந்த இடத்தில் பயன்படுகிறது என்பதே கேள்வி.

இந்த மீட்பைத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டின. என்ன காட்டின? ட்ரோன் எடுத்த படத்தில், பாறையில் புள்ளியாக ஓர் உருவம். அப்புறம் கடைசியில் மேலே வந்த மகிழ்ச்சி, முத்தம், கைதட்டல். இரவு முழுதும் ஏறியது எங்கே? அது இருட்டு, காமிராவுக்கு அதில் வேலையில்லை. சில நாட்களிலேயே அதே மலையில் வேறொருவர் ஏறிவிட, வனத்துறையினர் இரவில் தேடிப்போய் அவரை இறக்க வேண்டியதாயிற்று. படம் பார்த்துத்தான் அவர் ஏறினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் மாணவர் கேட்கும் நிகழ்ச்சி வாரந்தோறும் வந்தால், "சிக்கிக்கொண்டால் ஒருவர் பறந்து வருவார்" என்ற நினைப்பு எத்தனை பேரை மலைக்கு அனுப்பும்? 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கியவர்களை எண்ணிப் பாருங்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஓடி வந்தவர்களில் அந்த மலையடிவாரத்து மக்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இறக்கை இல்லை, தோள்தான் இருந்தது.

இன்னொன்று. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: காமிரா அங்கே எப்படிப் போயிற்று? 2020 ஜனவரியில் பந்திப்பூர்க் காட்டில் ரஜினிகாந்தும் பேர் கிரில்ஸும் நடந்த நிகழ்ச்சியை மார்ச் மாதம் பார்த்தோம் அல்லவா? இருவர் மட்டும் காட்டில் இருப்பது போல் தோன்றும். எதிரே காமிராக்காரரும் ஒலிப்பதிவாளரும் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறார்களே! இடுக்கில் சிக்கியவரின் முகத்தை அருகில் காட்டினால், காமிராவோடு ஒருவர் அங்கே முன்பே போயிருக்கிறார் என்று பொருள். அவர் கையில் காமிராவுக்குப் பதில் தண்ணீர்ப் புட்டி இருந்திருக்கலாம். ஆளில்லாத ட்ரோனை அனுப்பலாமே என்பீர்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் காட்டுத் தீயை அணைத்துக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில், யாரோ வேடிக்கைக்கு விட்ட ட்ரோன் மோதித் துளை போட்டது. தீயணைக்கும் விமானம் தரையில் நிற்க வேண்டியதாயிற்று.

சினிமாவில் பறப்பதைப் பற்றி எனக்குக் கோபமே இல்லை. 1978 'சூப்பர்மேன்' படத்தில் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் பல காட்சிகளில் இருந்த இடத்திலேயே தொங்கினார். காமிராவின் லென்ஸும், பின்னணியைத் திரையில் வீசிய கருவியின் லென்ஸும் ஒரே சமயத்தில் நெருங்கி வர, அவர் நம்மை நோக்கிப் பறந்து வருவதாகத் தெரிந்தது. அருமையான ஒளியியல்! அது தன்னை நிஜம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 'ரியாலிட்டி' என்று பெயர் வைத்துக்கொண்டு கயிற்றை மறைப்பதுதான் எனக்கு ஒவ்வாது.

அந்த மாணவர் விடுவதாக இல்லை. "அப்படியானால் நீங்கள் எதைத்தான் எடுக்கச் சொல்கிறீர்கள் சார்?" என்றார். பிப்ரவரி 8ஆம் தேதி இரவை எடுக்கச் சொன்னேன். அடிவாரத்தில் கயிற்றை ஒவ்வோர் அடியாக விரலால் தடவிச் சோதிப்பதில் தொடங்கலாம். இருட்டில் தலை விளக்குகள் மட்டும் நகர்வதை அரை மணி நேரமாவது விடாமல் காட்ட வேண்டும். முடிச்சை ஒருவர் போட, இன்னொருவர் சரிபார்ப்பதை அருகில் காட்ட வேண்டும். விளம்பரம் யார் கொடுப்பார்கள் என்று கேட்டுச் சிரித்தார். எனக்குத் தெரியாது. ஆனால் கயிற்றின் முனையில் அந்த வீரர் தண்ணீரோடு இறங்கும்வரை நான் எழுந்திருக்காமல் பார்ப்பேன்.