கடன் தொகைக்கா, தொழிலுக்கா காப்பீடு?

2015 பெருவெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. லேத் மோட்டாரிலும் சிஎன்சி எந்திரத்தின் மின்பலகையிலும் சேற்றுநீர் ஏறிய பிறகுதான் பட்டறைக்காரர் பாலிசியைத் தேடுவார். பல சிறுதொழில்களில் அது வங்கி கேட்டதற்காக எடுத்த பாலிசி; வாங்கிய கடன் எவ்வளவோ அவ்வளவுக்கே காப்பீடும் இருக்கும். இழப்பீடு குறைவதற்கான வித்து அங்கேயே விழுந்துவிடுகிறது.

கணக்கு எளிது. எந்திரமும் சரக்கும் சேர்ந்து 40 லட்சம் ரூபாய் பெறும் பட்டறைக்கு 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு இருக்கிறது. வெள்ளத்தில் 8 லட்சம் நஷ்டம். ‘20 லட்சம் இருக்கிறதே, 8 லட்சமும் வந்துவிடும்’ என்று உரிமையாளர் நம்புவார். ஆனால், பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்தவருக்குப் பாதி நஷ்டத்துக்குத்தான் இழப்பீடு கிடைக்கும். அதாவது 4 லட்சம். 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துகளுக்காக 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி தீ, புயல், வெள்ளம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு தருகிறது. காப்பீடு 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்கிறது. பாதியாகக் குறைந்திருந்தால் பொறுக்காது.

முழு மதிப்புக்கு எடுத்தால் பிரீமியம் கட்டுப்படியாகாது என்பார்கள். கூடுதல் பிரீமியம் சுமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பிரீமியம் ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் தெரிந்த செலவு. மேலே சொன்ன கணக்கில் கையைவிட்டுப் போன 4 லட்சமோ ஒரே நாளில் வரும் கடன். முழு மதிப்புக்கு எடுத்தாலும் காப்பீட்டு நிறுவனங்கள் இழுத்தடிக்கும் என்ற குறையிலும் நியாயம் உண்டு. அதற்குக் காப்பீட்டையே கைவிடுவது தீர்வல்ல. நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பது கொள்முதல் பில், சரக்குப் பதிவேடு, ஜிஎஸ்டி கணக்கு ஆகியவற்றைத்தான். அவற்றின் நகல் பட்டறைக்கு வெளியேயும் இருந்தால் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு வலு கூடும். நிறுவனத்தின் பதில் திருப்தியளிக்காவிட்டால், குறுந்தொழில் செய்வோரும் தனி உரிமையாளர்களும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடன் தரும் வங்கிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பாலிசியின் நகலைத் தமிழ் விளக்கத்தோடு கடனாளியிடம் கொடுப்பது அவர்களுக்குப் பெரிய வேலையல்ல. தொழில்முனைவோரே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கையிலுள்ள பாலிசியை எடுத்து, காப்பீட்டுத் தொகையையும் சரக்கு, எந்திரங்களின் இன்றைய மதிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். வெள்ளம் வந்த பிறகு அந்த எண்ணை மாற்ற முடியாது.