பேஸ்மென்ட்டில் ஒரு டிரிஃப்ட்

ரெண்டு வாரமா ஆபீஸில் ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. நடுவுல வீட்டுல ஒரு பஞ்சாயத்து வேற. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

பையனுக்கு 16 வயசு. சனிக்கிழமை ஆனா இங்கே புனே மாலில் இருக்கிற கேம் சென்டருக்குப் போயாகணும். அங்கே அவனுக்குப் பிடிச்சது கார் டிரிஃப்ட் கேம்தான். பத்து நாள் முன்னாடி நான் குளிக்கப் போன நேரத்தில் கார் சாவியை எடுத்துட்டுப் போய், பேஸ்மென்ட்டில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வண்டியைத் திருப்பிப் பார்த்திருக்கான். பின்கதவு தூணில் மோதி நசுங்கிடுச்சு. அந்தத் தூண் பக்கத்தில்தான் தினமும் வாண்டுங்க கிரிக்கெட் ஆடுவாங்க. அன்னிக்கு யாரும் இல்லை. நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

"கேம்தான் கெடுக்குது, அதை நிறுத்துங்க"ன்னு சொசைட்டி மீட்டிங்கில் ஒரே குரல். தங்கமணியும் அதே கட்சி. நான் ஒத்துக்கலை. நிறுத்த வேண்டியது கேமை இல்லை. சாவியை ஹாலில் ஆணியில் மாட்டி வைக்கிற என் பழக்கத்தை.

கேம் பொய் சொல்லுதுங்கறது நிஜம். பிரேக்கைத் தொட்டு ஸ்டியரிங்கை ஒடிச்சா வண்டி அழகா வழுக்கிட்டுப் போகும். சுவரில் மோதினா கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். நிஜத்தில் தார் ரோட்டில் வழுக்கினா பெரும்பாலும் நேரம்தான் நஷ்டம். அதனால்தான் அமெரிக்காவில் 2004-ல் ஆரம்பிச்ச ஃபார்முலா டிரிஃப்ட் மாதிரி போட்டிகளில் முதல்ல வந்தவனுக்குப் பரிசுன்னு கிடையாது. எந்தக் கோணத்தில், எந்தத் தடத்தில் வழுக்கினான்னு நடுவர்கள் மார்க் போடுறாங்க. அதுவும் மூடின மைதானத்தில். அந்த கார்களில் எஞ்சின் பின் சக்கரத்தைத் தள்ளும். நம்ம வீட்டுச் சின்ன கார்களில் பெரும்பாலும் முன் சக்கரத்தை இழுக்கும். ஹேண்ட்பிரேக் போட்டா பின்பக்கம் வீசும், அப்புறம் வண்டி நம்ம பேச்சைக் கேட்காது.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். "தகுமி 13 வயசுலயே ஓட்டினான்ப்பா"ன்னான். தகுமி யாருன்னு தேடினேன். ஷிகெனோ ஷுயிச்சி 1995 முதல் 2013 வரை வரைஞ்ச 'இனிஷியல் டி' ஜப்பானியப் படக்கதையின் ஹீரோ. அதை வச்சு சேகா கம்பெனி ஆர்கேட் கேம் வரிசையே போட்டிருக்கு. அப்பா டோஃபு கடைக்காரர், அதாவது நம்ம ஊர் சோயா பனீர். விடியற்காலையில் மலைப் பாதையில் பையன் டெலிவரி. காரில் ஒரு டம்ளர் தண்ணி வச்சு அனுப்புவார், அது சிந்தக்கூடாது. சிந்தாம ஓட்டினா டோஃபுவும் உடையாது. பையன் கத்துக்கிட்ட வித்தையே அதுதான். எங்க ஆள் வழுக்கலை மட்டும் பார்த்துட்டு டம்ளரை விட்டுட்டான் :-)

அந்த அப்பா இந்தியாவில் இருந்தா உள்ளேதான். 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவுப்படி, 18 வயசு ஆகாத பிள்ளை ஓட்டித் தப்பு நடந்தா பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து. பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. சட்டம் பிடிக்கிறது கேமை இல்லை, சாவி வச்சிருக்கிறவனை. சரிதானே?

வெளியூரில் இருக்கோம், பசங்களைப் பார்த்துக்கத் தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லை. கேம் சென்டரில் இறக்கிவிட்டு நாம காபி குடிக்கப் போயிடறோம். கூட நின்னு ஒரு ஆட்டம் ஆடியிருந்தா இந்தப் பேச்சை அப்பவே பேசியிருப்பேன்.

இந்த சனிக்கிழமையும் போறோம், ரெண்டு பேருமா. கதவு ரிப்பேர் காசு அவன் பாக்கெட் மணியிலிருந்து மாசாமாசம் கழியுது. 18 ஆனதும் நானே கத்துக்கொடுப்பேன், டேஷ்போர்டில் ஒரு டம்ளர் தண்ணி வச்சு.

பி.கு: சாவி இப்போ பீரோவில். பீரோ சாவி தங்கமணியிடம்.