புழுக்கத்துக்கு யார் கணக்கு வைப்பது?

கடலூர் பக்கம் எங்கள் காலனியில் இருப்பது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. ஓர் அறை, தாழ்ந்த காங்கிரீட் கூரை, ஒரே ஒரு சன்னல். மே மாதம் பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளம், விடியும்வரை அந்தச் சூட்டை எங்கள்மேல் இறக்கும். அப்பாவும் நானும் வாசலில் படுத்துக்கொள்வோம். அம்மாவும் அக்காவும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பார்கள். காலையில் அவர்கள் பாய் நனைந்திருக்கும்.

"வெயில் எல்லோருக்கும் பொதுதானே?" என்று கல்லூரியில் ஒரு நண்பர் கேட்டார். வெயில் பொதுதான். வீடு பொது இல்லையே!

வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியும், காயாது. அதனால் கடலோரத்து 36 டிகிரி, உள்மாவட்டத்து 40 டிகிரியைவிட மோசமாக ஆளைச் சாய்த்துவிடலாம். ஆனால் வானிலைத் துறையின் அளவுகோல்படி, கடலோரத்தில் வெப்ப அலை என்று சொல்ல 37 டிகிரியைத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஈரப்பதத்துக்கு அதில் இடமில்லை. பார்ப்பதும் பகலின் உச்ச வெப்பத்தைத்தான். எங்கள் வீட்டு இரவை யார் அளக்கிறார்கள்?

2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறேன். ஆனால் இரவெல்லாம் தூங்காத அம்மா விடிந்ததும் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போய், தலைசுற்றி உட்கார்ந்து, அரைநாள் கூலியோடு திரும்புவது எந்தக் கணக்கில் வரும்?

மரமும் காற்றும் உள்ள ஊர்த்தெருவில் எங்களுக்கு மனை விற்க மாட்டார்கள். வேலைக்குச் சென்னை வந்து காற்றோட்டமான வீடு தேடினேன். "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். சொன்னதும், காலியாக இருந்த வீட்டுக்குத் திடீரென்று ஆள் வந்துவிட்டது. கடைசியில் கிடைத்தது மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை. குளத்தையும் கோயிலையும் பிரித்த சாதி, சன்னலையும் பிரித்து வைத்திருக்கிறது.

நீர்மோர்ப் பந்தல் மட்டும் இதற்குத் தீர்வாகாது. ஈரப்பதத்தையும் இரவு வெப்பத்தையும் அளவுகோலில் சேர்க்க வேண்டும். தொகுப்பு வீடுகளுக்கு எதிரெதிர் சன்னலும் சூடு இறங்காத கூரையும் வேண்டும். சாதி கேட்டு வீடு மறுப்பவர்கள் தண்டிக்கப்பட வேண்டும்.

தோழர்களே, அடுத்த கோடையில் 'இன்று எத்தனை டிகிரி?' என்று பேச்சு வந்தால், 'யார் வீட்டில்?' என்று திருப்பிக் கேளுங்கள்.